உமி கிழியாமல்

கையால் சுற்றுவதா, மோட்டார் வைத்ததா, இவ்வளவுதான் கேள்வி. மேசைமேல் இருப்பது மூன்று மில், ஆனால் மூன்றாவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது இரண்டு இரும்புத் தட்டு ஒன்றையொன்று உரசிச் சுற்றுகிற பழைய வகை, மிளகு அரைக்கலாம், காப்பிக்கொட்டை அரைக்கலாம், முளைவிட்டுக் காயவைத்த பார்லியை, மால்ட்டை, அதில் போட்டால் மாவாகிவிடும், மாவானால் வெந்நீரில் களியாகிப் பாத்திரத்தின் குழாயை அடைத்துக்கொள்ளும், அன்றைக்குக் காய்ச்ச நினைத்த பியர் அதோடு சரி. மால்ட்டை அரைக்கக்கூடாது, உடைக்க வேண்டும். உள்ளே இருக்கிற பருப்பு மட்டும் குருணையாக உடைந்து, மேலே இருக்கிற உமி கிழியாமல் சட்டை மாதிரி கழன்று விழ வேண்டும், பிறகு அந்த உமிதான் அடியில் படிந்து சல்லடையாகி இனிப்பு நீரை வடித்துத் தரப்போகிறது. இதையெல்லாம் நான் சவரிக்குச் சொல்லவில்லை, சவரிதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பெர்த்தில் இருந்த வருஷமெல்லாம் வீட்டில் பியர் காய்ச்சியவன் என்று வந்ததுமே நான் சொல்லியும் சொல்கிறார், கடை அவருடையது இல்லை, முதலாளி ஒரு சீனர், சனிக்கிழமை வருவதில்லை, அதனால் சனிக்கிழமைகளில் சவரிக்குத்தான் கடை, பேச்சும் அவருக்குத்தான். நானும் முதல்முறை கேட்பவன் மாதிரி தலையாட்டுகிறேன். அவர் பேசுகிறவரை நான் எதையும் தொட்டுக் காட்ட வேண்டியதில்லை. வலது கை கால்சட்டைப் பைக்குள் இருக்கிறது. பைக்குள் அது தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து எதையோ உருட்டுகின்றன, இல்லாத ஒரு மணியை, நிறுத்து என்றால் ஒரு கணம் நிற்கிறது, என்ன என்று கேட்பதுபோல் நிற்கிறது, நான் கவனத்தைச் சற்று நகர்த்தியதும் மறுபடி உருட்ட ஆரம்பிக்கிறது. தமயந்தி வெளியே நடைபாதையில் ஈப்போவில் இருக்கிற அவள் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். காக்கி புக்கிட்டின் இந்தத் தொழிற்கூடக் கட்டடத்தில் சாமான் லிஃப்ட் ஏறி இறங்குகிற சத்தத்துக்கு மேலே அவள் சிரிப்பு கேட்கிறது. அந்தப் பேச்சு முடிந்ததும் உள்ளே வருவாள். வந்து, எது, என்று கேட்பாள். கேட்பதற்குக்கூட அவசியமில்லை, எது என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும், கையால் சுற்றுவதுதான், என் பிறந்தநாளுக்கு அவள் வாங்கித் தருவதாகச் சொன்னது, நாப்பத்தெட்டு முடியுது, கிழவனாகறதுக்கு முந்தி ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கிக்குங்க, என்று காலையில் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள். பெர்த்தில் பியர் காய்ச்சுகிறவர்கள் சங்கத்தின் பொது மில்லை இரவல் வாங்கிவந்த காலமெல்லாம் நான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது அது, எனக்கென்று ஒன்று வாங்கினால் கையால் சுற்றுவதுதான் வாங்குவேன், மோட்டாருக்கு என்ன தெரியும், உமி கிழிகிறதா இல்லையா என்பது கைக்குத்தான் தெரியும். கைக்குத் தெரியும். அப்படியே சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தக் கையைத்தான் ஒரு டாக்டர் பிடித்துத் திருகிப் பார்த்து, அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று சொன்னார். தமயந்திக்கு அது தெரியாது. பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன், பாவம், இரண்டு நாள் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

சவரி மூட்டையிலிருந்து ஒரு கை மால்ட் அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார், மோந்து பாருங்க பாஸ், பிஸ்கட் டின்னத் திறந்த மாதிரி இருக்கும், என்கிறார். குனிந்து மோந்து பார்க்கிறேன். மூச்சு உள்ளே போகிறது, கொஞ்சம் தூசியும் போகிறது, தூசி மூக்கின் உள்ளே கரகரவென்று ஒட்டுவது தெரிகிறது, அவ்வளவுதான், பூட்டின கடைக்கு முன்னால் நின்று எட்டிப் பார்ப்பதுபோல. ஆமா, நல்ல வாசம், என்கிறேன். இதைச் சொல்லிப் பழகிவிட்டேன். முதலில் போனது வாசனைதான், கை அப்புறம்தான் வந்தது, ஆனால் வாசனை போனதை யார் சந்தேகப்பட்டார்கள், ஊரெல்லாம் காய்ச்சலில் கிடந்த காலம், எல்லோருக்கும் போயிற்று, எல்லோருக்கும் திரும்பி வந்தது, எனக்கும் வரும் என்று இருந்தேன். பியருக்குக் கசப்பு தருகிற ஹாப்ஸ் பூவைக் கசக்கி மோந்து பார்த்தால் எலுமிச்சையும் ஈரப்புல்லும் சேர்ந்து அடிக்கும், அது வராமல் போனபிறகு தராசில் நிறுத்துப் போட ஆரம்பித்தேன், நிறுத்துப் போடுவது இன்னும் சுத்தமான முறை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், சங்கத்துக்காரர்கள் குடித்துப் பார்த்துவிட்டு இந்தத் தடவை துணிச்சலாகக் கசப்புப் போட்டிருக்கிறாய் என்று பாராட்டினார்கள், துணிச்சலா அது. பெர்த்திலிருந்து திரும்பி இங்கே பிடோக் வீட்டுக்குக் குடிவந்த புதிதில் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், பருப்பு அடிப்பிடித்துக் கருகிச் சட்டி கறுத்துப்போய்விட்டது, தமயந்தி குளியலறையிலிருந்து ஓடிவந்தாள், பக்கத்துல உக்காந்துகிட்டே தீய விடறது ஒரு திறமைதான், என்று அடுப்பை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறந்தாள், நான் பேப்பர் மேல் பழியைப் போட்டேன். அப்பாவும் இப்படித்தான். அப்பா பஸ் ஓட்டினார். கிளட்ச் கருகுகிற நாற்றம் கடைசி இருக்கையில் இருந்தவர்கள் வரை எட்டி, அவர்கள் எழுந்து வந்து தோளைத் தட்டிச் சொல்கிறவரை, முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குத் தெரியவில்லை. அம்மா அதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வேடிக்கையாகச் சொல்வாள், உங்க மூக்க டிப்போவுல அடகு வெச்சிட்டீங்களா, என்று அவரைக் கேட்டதாகச் சொல்வாள், எல்லோரும் சிரிப்போம், அப்பாவும் சிரிப்பார். அப்போது அவருக்கு என் வயசுதான், இதைச் செவ்வாய்க்கிழமைக்கு முன் நான் ஒருபோதும் யோசித்ததில்லை, என் நினைவில் அவர் எப்போதும் கிழவர், ஆனால் கிழவரில்லை, நாற்பத்தெட்டு, தலை நரைக்கக்கூட இல்லை, சட்டையை இன் பண்ணிக்கொண்டு வாசல் கதவில் சாய்ந்து நின்று சிரிக்கிறார், வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு. பைக்குள் ஏன் விட்டிருந்தார். ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். நானும் அப்படி நின்று பார்த்திருக்கிறேன், கண்ணாடி முன்னால், பதினான்கு பதினைந்து வயதில், அப்பா மாதிரி. இப்போதும் நிற்கிறேன். சவரி பக்கத்தில் நின்று உருளைகளின் விட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பெரிய உருளை தானியத்தை லேசாகக் கவ்வும், சின்னது வழுக்கும், நான் அப்படியா என்கிறேன், ஸ்டீலா இரும்பா என்கிறேன், ஸ்டீல் என்கிறார், துருப்பிடிக்காதே என்கிறேன், பிடிக்காது என்கிறார், நம் ஊர் ஈரக்காற்றுக்கு என்று இழுக்கிறேன், ஸ்டீல் பாஸ், என்கிறார் மறுபடியும்.

டாக்டர் இளம்பெண், கேரளத்துப் பெயர், ஆங்கிலத்தில்தான் பேசினார். என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகச் சுற்றினார், வழவழவென்று சுற்ற வேண்டியது, ஆனால் உள்ளே பல்சக்கரம் இருப்பதுபோல் விட்டுவிட்டுத் தட்டித்தட்டிச் சுற்றியது, எனக்கே தெரிந்தது, அவர் விரலுக்கும் தெரிந்தது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தட்டித்தட்டிக் காட்டச் சொன்னார், நான் நன்றாக அகலத் திறந்துதான் தட்ட ஆரம்பித்தேன், தட்டத்தட்ட இடைவெளி குறைந்துகொண்டே வந்து கடைசியில் இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டு நின்றன. நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். எந்த மொழியில் எண்ணுவது என்று ஒரு கணம் தடுமாறினேன், கணக்கு எனக்கு ஆங்கிலத்தில்தான் வரும், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான், தமிழ் தாய்மொழிப் பாடம், மற்றதெல்லாம் ஆங்கிலம், பயம் மட்டும் எந்த மொழியில் என்று யாரும் சொல்லித்தரவில்லை, ஆங்கிலத்தில் எண்ணினேன், மடியில் கிடந்த கை ஆட ஆரம்பித்தது, தமிழுக்கு மாறினேன், அதற்கும் ஆடியது. பிறகு அவர் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொன்னார். புரோகிரசிவ். மெதுவாகத்தான், ஆனால் புரோகிரசிவ், முற்றிக்கொண்டே போகும். அதே சொல். அன்றைக்கு அப்பாவை அழைத்துப்போனபோது நான் உயர்நிலை மூன்று, பள்ளிச் சீருடையோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன், அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, டாக்டருக்குத் தமிழ் தெரியாது, நடுவில் நான். வகுப்பில் மொழிபெயர்ப்புக்கு எனக்குத்தான் அதிக மதிப்பெண் வரும். டாக்டர் புரோகிரசிவ் என்றார், எனக்குத் தெரிந்த சொல், பாடப்புத்தகத்தில் வருவது, முன்னேறும் நாடு, முன்னேறும் சமுதாயம், தவணைக்குத் தவணை தேர்ச்சி அறிக்கையில் அம்மா கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மேலே அச்சடித்திருக்கும், மாணவரின் முன்னேற்றம். நான் அம்மாவிடம் சொன்னேன், முன்னேற்றம் இருக்குமாம்மா, மெதுவாத்தான் இருக்குமாம், ஆனா முன்னேற்றம் கண்டிப்பா இருக்குமாம். அம்மா அப்படியே இரண்டு கையையும் எடுத்து டாக்டரைக் கும்பிட்டாள். டாக்டர் இந்தியர்கள் இப்படித்தான் போலும் என்று நினைத்திருப்பார், தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். அந்தத் தைப்பூசத்துக்கு அம்மா பால்குடம் எடுத்தாள், நேர்த்திக்கடன் இல்லை, நன்றிக்கடன். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், நானே சிரித்துச் சொல்லியிருக்கிறேன், பெர்த்தில் ஒரு விருந்தில் சொன்னேன், இரண்டு மொழி படித்தவன் செய்கிற தப்பு என்று, மேசையே சிரித்தது. ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அம்மாவின் கும்பிடு இல்லை. அப்பா. அப்பா அப்போது பக்கத்து நாற்காலியில் இருந்தார், கையை மடியில் வைத்துக்கொண்டு. நான் சொன்னதும் என்னை நிமிர்ந்து பார்த்தார், கொஞ்சநேரம் பார்த்தார், பிறகு அம்மாவிடம் திரும்பி, பையன் நல்லா சொல்லிட்டான், என்றார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியுமா. படித்ததில்லை, ஆனால் அத்தனை வருஷம் பஸ் ஓட்டியவர், இன்ஸ்பெக்டர்களோடு பேசியவர், இரவில் ஆங்கிலச் செய்தியை ஒலியைக் குறைத்து வைத்துப் பார்ப்பார். தெரிந்திருந்தால், தெரிந்தேதான் அப்படிச் சொன்னார் என்றால், அந்த அறையில் நடந்ததை முழுக்கப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர், புரிந்துகொண்டு, மனைவி கும்பிடுவதைப் பார்த்துக்கொண்டு, நல்லா சொல்லிட்டான் என்கிறார். தெரியாவிட்டால் வெறும் அப்பா, மகனை மெச்சிக்கொள்கிற அப்பா. எதுவென்று கேட்க முடிகிற காலத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, தோன்றிய காலத்தில் அவர் வாய் இறுகிப் பேச்சு குழறிப்போயிருந்தது. தெரிந்திருக்குமா. செவ்வாய்க்கிழமையிலிருந்து இதே இடத்தில்தான் சுற்றுகிறேன், சுற்றிச் சுற்றி மடியில் கிடக்கிற அந்தக் கையில் வந்து நிற்கிறேன், சில நேரம் அது அவர் கை, சில நேரம் கை அதேதான், கால்சட்டை மட்டும் என்னுடையதாக இருக்கிறது.

"சுத்திப் பாருங்க பாஸ், சும்மா பார்த்துக்கிட்டே நின்னா எப்படி. பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்கு."

சவரி கையால் சுற்றும் மில்லை மேசை விளிம்புக்கு இழுத்து வைத்து, மேலே இருக்கிற தொட்டியில் அந்த ஒரு கை மால்ட்டைக் கொட்டிவிட்டார். இனி தவிர்க்க முடியாது, ஆனால் தமயந்தி வெளியே இருக்கிறாள், அவள் வருவதற்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடலாம், ஒருவேளை சுற்றினாலும் சுற்றும், வேலை செய்கிறபோது நடுக்கம் நின்றுவிடும், அதுதான் இந்த நோயின் தந்திரம், சும்மா இருக்கிற கைதான் ஆடும், அப்பாவும் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கல் மாதிரி இருந்தார், அதனால்தான் வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை. கையை வெளியே எடுக்கிறேன், எடுத்த வேகத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன், நின்றுவிட்டது, பார், நின்றுவிட்டது. சுற்றுகிறேன். இரண்டு உருளைகளில் கைப்பிடி சுற்றுவது ஒன்றைத்தான், இன்னொன்று சும்மா இருக்கும், நடுவில் தானியம் விழுந்ததும் அந்தத் தானியமே அதை இழுத்துச் சுற்ற வைக்கும், ஒன்று சுற்றுகிறது என்பதற்காக இன்னொன்றும் சுற்ற வேண்டியிருக்கிறது. முதல் சுற்று நன்றாக வந்தது, நறநறவென்று பல்லைக் கடிப்பதுபோல் சத்தம், கீழே தட்டில் குருணை விழுகிறது, உமி முழுசாக இருக்கிறது. இரண்டாவது சுற்றும் வந்தது. மூன்றாவதில் கைப்பிடி கீழே போய் மேலே ஏற வேண்டிய இடத்தில் என்னவோ கவ்விக்கொண்டது. கல்லா என்று பார்க்கிறேன், மால்ட்டில் சிறுகல் கிடப்பது உண்டு, கல் இல்லை. உருளையில் ஒன்றுமில்லை. மேலே போ என்று கையிடம் சொல்கிறேன், போகிறேன் என்கிறது, போகவில்லை, தோளிலிருந்து அழுத்துகிறேன், கொஞ்சம் ஏறுகிறது, நிற்கிறது, கொஞ்சம் ஏறுகிறது. காலைல சாப்பிடலையா பாஸ், என்கிறார் சவரி. சிரிக்கிறேன். இடைவெளி சின்னதாக இருக்கிறது போல என்கிறேன். அவர் உடனே சட்டைப்பையிலிருந்து பஸ்ஸில் தட்டுகிற ஈஸி லிங்க் அட்டையை எடுத்து இரண்டு உருளைக்கும் நடுவே செருகிக் காட்டுகிறார், அட்டை இறுக்கமாகவும் இல்லாமல் தொளதொளவென்றும் இல்லாமல் போய் வருகிறது, சரியா இருக்கு பாஸ், இடைவெளி சரியாத்தான் இருக்கு, எங்க முதலாளியோட அம்மா சுத்துவாங்க இத, என்கிறார். அதிலே எந்தக் குத்தலும் இல்லை, வேடிக்கைக்குத்தான் சொல்கிறார். நான் கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து மறுபடி பைக்குள் போட்டுக்கொள்கிறேன், இடது கையால் தட்டில் விழுந்த குருணையைக் கிளறுகிறேன், ஆராய்வதுபோல. மோட்டாரென்றால் ஒரு பொத்தான். மோட்டாரென்றால் ஏன் என்று கேட்பாள். கையால் சுற்றுவதென்றால் ஏன் என்று கேட்க மாட்டாள், வீட்டுக்குப் போய், பின்கட்டில் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுத்துங்க, வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்பறேன், என்பாள், அப்போது அவளே பார்த்துக்கொள்வாள். எப்படியும் தெரியத்தான் போகிறது. எப்படித் தெரிய வேண்டும் என்பதுதான் மிச்சம். நானே சொல்லிவிடலாம், ஆனால் எந்தச் சொல்லைச் சொல்வது, ஆங்கிலத்தில் அது ஒரு வெள்ளைக்கார டாக்டரின் பெயர், யாரோ வாடகைக்கு வந்து குடியேறப்போவதுபோல, தமிழில் நடுக்குவாதம், வாதம் என்றால் எனக்கு இன்னமும் முதலில் தோன்றுவது பள்ளிக்கூடத்துச் சொற்போர்தான். உடைத்துச் சொல் என்கிறோம், மென்று விழுங்காதே என்கிறோம், எவ்வளவு உடைத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும், எவ்வளவு உடைத்தால் மாவாகிப்போகும், அதற்கு என்ன அட்டையைச் செருகிப் பார்ப்பது.

அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் இதில் மோசமானது. கல்யாணமாகி அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பாவுக்குக் கடைசிக் கட்டம், அம்மா போய்விட்டிருந்தாள், நான் வேலைக்குப் போய்விடுவேன், அவரோடு பகல் முழுக்க இருந்தது தமயந்திதான். ஈப்போவிலிருந்து வந்த புதுப்பெண். வாயைத் திறக்க வைப்பது ஒரு வேலை, விழுங்க வைப்பது ஒரு வேலை, ஒரு கரண்டி கஞ்சியை உள்ளே விட்டுவிட்டு அவர் தொண்டை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள், அவர் விழுங்குகிறபோது அவளுடைய தொண்டையும் சேர்ந்து விழுங்கும், வெறும் எச்சிலை, அவளுக்கே தெரியாமல். அதை நான் கதவருகே நின்று பார்த்திருக்கிறேன். மாமா, வாயத் திறங்க லா, நான் என்ன வேப்பங்கொழுந்தா ஊட்டறேன், என்று கேலி பேசிக்கொண்டே ஊட்டுவாள், அவரால் சிரிக்க முடியாது, முகம் இறுகிப்போயிருந்தது, கண் மட்டும் நனையும், சிரிப்பு என்று அவள் எடுத்துக்கொள்வாள். ஐந்து வருஷம். அவர் போனபிறகு வேலை கிடைத்துப் பெர்த்துக்குக் கிளம்பினோம், விமானத்தில் சாப்பாட்டுத் தட்டைத் திறந்து, பிளாஸ்டிக் கரண்டியைக் கையில் எடுத்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, கோபமும் இல்லாமல் அழுகையும் இல்லாமல், சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நல்லாத்தான் பார்த்துக்கிட்டேன். ஆனா இன்னொரு தடவை என்னால முடியாதுங்க."

யாரைச் சொன்னாள், யாரையும் சொல்லவில்லை, எங்களுக்கு அப்போது முப்பத்துச் சொச்சம் வயது, அது ஒரு பெருமூச்சு, பெருமூச்சு மாதிரி வந்த வாக்கியம். அவள் மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை, காரணமில்லாமல் அதைப் பத்திரமாக வைத்திருந்தேன், பதினைந்து வருஷத்துக்குப் பிறகு எனக்கு எதற்குத் தேவைப்படும் என்று அப்போதே யாரோ சொல்லி வைத்ததுபோல. நான் பயப்படுவது நடுக்கத்துக்கு இல்லை. படுக்கைக்குக்கூட இல்லை. என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு அவள் எச்சில் விழுங்குவாளே, அந்த முகம், எனக்குத் தெரிந்த முகம், அது எங்கேயும் போகவில்லை, எங்கேயோ அவளுக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறது, நான் ஒரு சொல் சொன்னால் விரித்துப் போட்டுக்கொண்டு எதிரே வந்து உட்காரும். சாமான் லிஃப்ட் வந்து நிற்கிறது, கதவு இழுபடுகிறது, யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிறார்கள். சரிக்கா, வெச்சிடறேன்க்கா, என்கிற குரல் கேட்கிறது. வைத்துவிட மாட்டாள், இன்னும் இரண்டு தடவை சொல்வாள். சரிக்கா. சவரி பெட்டியில் போட்டுத் தரணுமா என்று கேட்கிறார், எதை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எது என்று சொல்லிவிட்டால் போதும். அவள் வருவதற்குள் மோட்டாரைக் கட்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டால், ஐயோ முடிச்சிட்டீங்களா என்பாள், அதோடு போய்விடும், இன்னும் ஒரு வருஷம் போகும், மெதுவாகத்தான் என்று அந்த டாக்டர் சொன்னாரே. வாயைத் திறக்கிறேன்.

தமயந்தி கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டே உள்ளே வருகிறாள், அக்காவுக்கு மூட்டு வலியாம், அத்தானுக்கு நம்ம வீட்டு பியர் வேணுமாம், எல்லைல பிடிச்சா அத்தான்தான் உள்ள போய் உக்காரணும்னு சொல்லிட்டேன், என்று மேசைக்கு வருகிறவரை பேசிக்கொண்டே வந்து, வந்த கையோடு கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுகிறாள். தொட்டியில் மிச்சமிருந்த மால்ட் நறநறவென்று உள்ளே இறங்குகிறது. எந்த இடத்திலும் கவ்வவில்லை. கைப்பிடி கீழே போகிறது, மேலே வருகிறது, கீழே போகிறது, எவ்வளவு எளிது, அப்படியே ஒரு கையால் சுற்றிக்கொண்டு இன்னொரு கையால் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக்கொள்கிறாள். நல்லா இருக்குங்க, சின்னப் பிள்ளையில கரும்பு மிஷின் சுத்தக் கேட்டா விடமாட்டான் கடைக்காரன், என்று சிரிக்கிறாள், சவரியும் சிரிக்கிறார், மேடம் பேசாம நீங்களே காய்ச்சலாம் என்கிறார். இதுதானே, பணம் கட்டிடவா, என்று பர்ஸைத் திறக்கிறாள்.

"மோட்டார் வெச்சதையே எடுத்துக்கலாம், தமா."

பர்ஸுக்குள் இருந்த விரல் நிற்கிறது. ஏன், என்கிறாள், சாதாரணமாகத்தான், விலை கேட்பதுபோல. பெர்த்துல என் காதையே தின்னீங்களே, கைக்குத்தான் தெரியும் கைக்குத்தான் தெரியும்னு, இப்ப கைக்கு என்ன மறந்துபோச்சா, என்று சவரியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறாள். சவரி எனக்குத் துணைக்கு வருகிறார், வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கிட்டாரு மேடம், மோட்டார் நல்லது, முதுகு பிடிக்காது, என்று சொல்ல ஆரம்பிக்கிறார், நேரம் மிச்சம், ஒரு வருஷ வாரண்டி, நான் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கலாம், முதுகு, ஆமாம், முதுகு, அது ஒரு நல்ல பொய், வீட்டுக்குப் போகிறவரை தாங்கும். அவள் சவரியைக் கேட்கவில்லை. என்னைப் பார்க்கிறாள். பார்வை முகத்திலிருந்து இறங்கித் தோளுக்கு வருகிறது, தோளிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து கால்சட்டைப் பைக்கு. துணி அசைகிறது. எனக்கும் தெரிகிறது, துணிக்குள் எலிக்குஞ்சு மாதிரி அசைகிறது. நிறுத்து என்கிறேன். ஒரு கணம் நிற்கிறது. இரண்டு மொழியில் எதுவும் வாய்வரை வரவில்லை, நல்லா சொல்லிட்டான் என்று சொல்ல இந்த அறையில் யாருமில்லை. கையை எடுக்கிறேன். எடுத்து, மில்லுக்குப் பக்கத்தில், சிந்திக் கிடக்கிற குருணைமேல், உள்ளங்கை தெரியத் திருப்பி வைக்கிறேன், வைத்துவிட்டு அதை அதன் பாட்டுக்கு விடுகிறேன். கொஞ்சநேரம் அது சும்மா கிடந்தது, வெளிச்சத்துக்குக் கூசுவதுபோல. பிறகு கட்டைவிரல் தன் ஜோடியைத் தேடிப் போய்ச் சேர்ந்துகொண்டு, உருட்ட ஆரம்பித்தது. விரல் நுனியில் ஒட்டிய உமி ஒன்று மேசையில் தட்டித்தட்டிச் சத்தம் போட்டது, மிகச் சின்னச் சத்தம். சவரி வாரண்டியின் நடுவில் பேச்சை நிறுத்தினார். சுவர்ப்பக்கம் திரும்பி அட்டைப்பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தார், ஏற்கெனவே அடுக்கி இருந்தவற்றை.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த முகம் வந்துவிட்டதா என்று பார்க்கத் தைரியமில்லை, மேசைமேல் விழுந்த அவள் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கைப்பையைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தாள். என் கையைப் பிடிக்கவில்லை. தொடக்கூட இல்லை. குனிந்து, கிட்டத்தில், அவள் மூச்சு என் மணிக்கட்டில் படுகிற அளவு கிட்டத்தில் வந்து பார்த்தாள், பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்று பார்ப்பதுபோல, எங்கே ஆரம்பிக்கிறது, எந்த விரலில், எவ்வளவு வேகம். அவளுக்குத் தெரியும் எதைப் பார்க்க வேண்டும் என்று. என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன், எப்போதிலிருந்து என்பாள், ஏன் சொல்லலை என்பாள், பல் டாக்டரா என்பாள். நிமிரவில்லை. குரல் மட்டும் வந்தது, தாழ்ந்து, கரகரவென்று, வேலையாக இருக்கிறபோது பேசுகிற குரல்.

"அந்தக் கை?"

இடது கை மில்லின் தொட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை, விரல் கணு வெளுக்கும்படி பிடித்திருந்தது. ஒவ்வொரு விரலாக விட்டேன். விட்டு, அதையும் கொண்டுவந்து வலது கைக்குப் பக்கத்தில் உள்ளங்கை தெரிய வைத்தேன். அவள் நாற்காலி ஒன்றைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இடது கை அசையாமல் கிடந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.